நோம் பென்னில் ஹோண்டா அணியின் ஆட்டம்: கொடுத்த காசுக்கு என்ன கிடைத்தது?

கெய்சுகே ஹோண்டா கம்போடியத் தேசிய அணியை நடத்திய காலத்தைப் பற்றி இரண்டு விதமான பேச்சுதான் காதில் விழுகிறது. ஒரு கூட்டம் அவரைத் தலையில் தூக்கி வைத்து ஆடும். இன்னொரு கூட்டம் எல்லாம் விளம்பரம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடும். டிக்கெட் வாங்கி, பகல் வெயிலில் சூடேறிக் கிடக்கும் காங்கிரீட் படியில் உட்கார்ந்து பார்த்தவனுக்கு என்ன கிடைத்தது? அதைத்தான் எழுதப் போகிறேன். கம்போடியத் தலைநகர் நோம் பென்னில் ஒரு கார்மென்ட்ஸ் ஃபேக்டரியில் க்யூசி, அதாவது தரம் பார்க்கும் வேலை எனக்கு. எதைக் கையில் எடுத்தாலும் உள்பக்கம் திருப்பித் தையலைப் பார்க்கிற புத்தி, கால்பந்து பார்க்கும்போதும் போகாது.

ஆள் யார் என்று தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். ஹோண்டா ஜப்பானின் நடுக்கள வீரர். 2010, 2014, 2018 என்று மூன்று உலகக் கோப்பைகளில் கோல் அடித்தவர். ஏசி மிலானில் பத்தாம் எண் சட்டை போட்டவர். 2018 ஆகஸ்டில், ரஷ்ய உலகக் கோப்பை முடிந்த கையோடு, கம்போடிய அணியின் பொறுப்பை ஏற்றார். ஆனால் ஆடுவதை நிறுத்தவில்லை. அதே மாதம் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் விக்டரியில் சேர்ந்தார். அப்புறம் நெதர்லாந்தில் விட்டெஸ், பிரேசிலில் பொட்டஃபோகோ, அஜர்பைஜானில் நெஃப்ட்சி, லித்துவேனியாவில் சுடுவா என்று கண்டம் கண்டமாகப் போய் ஆடிக்கொண்டே, நடுவில் கம்போடியாவையும் பார்த்துக்கொண்டார். பயிற்சியாளர் உரிமம் இல்லாததால் பதவிக்குப் பெயர் ஜெனரல் மேனேஜர். தாளில் பயிற்சியாளர் என்று வேறொருவர் பெயர் இருக்கும். அர்ஜென்டினாக்காரர் ஃபெலிக்ஸ் டல்மாஸ், ஜப்பான்காரர் ரியூ ஹிரோசே இருவரும் அந்த நாற்காலியில் இருந்திருக்கிறார்கள்.

எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு இது புதிதே இல்லை. வெளிநாட்டில் உட்கார்ந்திருக்கும் பையர், சரக்கை வாங்குகிறவர், வீடியோ காலில் காலரை மாற்று, பட்டனை மாற்று என்பார். லைனில் நின்று மிஷினை ஓட்டுவது சூப்பர்வைசர். ஹோண்டா அந்தப் பையர், டல்மாஸ் அந்த சூப்பர்வைசர். சரக்கு நன்றாக வந்தால் பெயர் யாருக்கு, ரிஜெக்ட் ஆனால் திட்டு யாருக்கு என்பதும் அதே கணக்குத்தான்.

ஆனால் நோம் பென் ஹோண்டாவை முதலில் பார்த்தது எதிரணி வீரராக. 2015இல் உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் ஜப்பானும் கம்போடியாவும் ஒரே பிரிவு. செப்டம்பரில் சைத்தாமாவில் ஜப்பான் 3–0 என்று ஜெயித்தது. முதல் கோல் ஹோண்டாவுடையது, தூரத்திலிருந்து விட்ட அடி. நவம்பர் 17ஆம் தேதி நோம் பென் ஒலிம்பிக் அரங்கில் அடுத்த ஆட்டம். இடைவேளை வரை 0–0. ஜப்பானைக் கோல் இல்லாமல் நிறுத்தி வைத்திருக்கிறோம் என்ற பெருமிதத்தில் அரங்கமே குதித்துக்கொண்டிருந்தது. அப்புறம் கம்போடியாவே தன் வலையில் ஒன்றைப் போட்டுக்கொண்டது. கடைசி நேரத்தில், மாற்று வீரராக வந்த ஹோண்டா தலையால் முட்டி இரண்டாவதைப் போட்டார். எனக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் அந்தக் கோலுக்கும் கைதட்டினார்கள். அந்தத் தகுதிச் சுற்றுப் பிரிவில் கம்போடியா எட்டு ஆட்டங்களிலும் தோற்றது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மூன்று ஆண்டு கழித்து அவர் எடுத்துக்கொண்ட வேலை எந்த நிலையில் இருந்தது என்று புரியும்.

இப்போது அரங்கம். ஹோண்டா காலத்தின் முதல் பாதியில் ஆட்டங்கள் நடந்தது இந்த ஒலிம்பிக் அரங்கில்தான். பெயரைப் பார்த்து ஒலிம்பிக் நடந்ததாக நினைத்துவிடாதீர்கள், நடக்கவில்லை. கட்டிடக் கலைஞர் வான் மொலிவான் வடிவமைத்து 1964இல் திறந்தது. மண்ணை வெட்டி மேடாக்கி அதன் மேல் படிகளை அமைத்திருக்கிறார். அதனால் வெளியிலிருந்து பார்த்தால் பெரிய கட்டிடமாகவே தெரியாது; ஒரு கரை மேல் ஏறுவதுபோல ஏறி உச்சிக்குப் போனால், உள்ளே திடீரென்று பள்ளத்தில் மைதானம் விரியும். 1965 நவம்பரில் வட கொரியாவும் ஆஸ்திரேலியாவும் இங்கிலாந்து உலகக் கோப்பைக்குப் போக மோதிக்கொண்டது இங்கேதான், 6–1, 3–1 என்று இரண்டு ஆட்டமும் வட கொரியாவுக்கு. பார்வையாளர்களில் பாதிப் பேர் ஒரு அணிக்கும் மீதிப் பேர் மறு அணிக்கும் கத்த வேண்டும் என்று அப்போது நாட்டை ஆண்ட சிஹானூக் ஏற்பாடு செய்தார் என்பார்கள். எழுபதுகளில் நாட்டைப் பிடித்து லட்சக்கணக்கானவர்களைக் கொன்ற கெமர் ரூஜ் காலத்தில் இதே இடத்தில் நடந்தது வேறு, இந்த விமர்சனத்தில் அதைத் தொடப் போவதில்லை.

இன்றைக்கு சுற்றிலும் அடுக்குமாடிகள் வந்து அரங்கத்தை எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. ஆனாலும் நகரத்துக்கு நடுவில் இருப்பது பெரிய வசதி. வேலை முடிந்து, தொலைபேசியில் ஒரு டுக்டுக் கூப்பிட்டால் வந்து நிற்பது பெரும்பாலும் நம்ம ஊர் பஜாஜ் ஆட்டோதான். ஒலிம்பிக் மார்க்கெட் பக்கம் இறங்கி நடந்துவிடலாம். மாலை நேரத்தில் மேல் தளம் முழுக்க பாட்டைப் போட்டு ஏரோபிக்ஸ் செய்யும் கூட்டம். ஆட்ட நாளில் அவர்களைத் தாண்டிக்கொண்டு சிவப்பும் நீலமுமாய்ச் சட்டை போட்ட ஜனம் உள்ளே போகும். வாசலில் கரும்புச் சாறு, குச்சியில் குத்திச் சுட்ட மாட்டிறைச்சி, சுட்ட வாழைப்பழம், கரு உள்ள வாத்து முட்டை. டாலர் நீட்டினால் மீதியை உள்ளூர்ப் பணமான ரியெலில் தருவார்கள், டாலருக்கு நாலாயிரம் என்ற கணக்கில். கரும்புச் சாறு தவறவிடக் கூடாதது. வாத்து முட்டை உங்கள் விருப்பம், நான் ஒதுங்கிவிடுவேன்.

உட்காரும் இடத்தைப் பொறுத்தவரை மேற்குப் பக்கம் கூரை உண்டு. மற்றப் பக்கமெல்லாம் திறந்த படி. ஆறு மணி ஆட்டத்துக்கு நாலரைக்கே போனால் காங்கிரீட் சுடும், பழைய செய்தித்தாள் ஒன்றை எடுத்துப் போங்கள். ஓட்டப் பாதை நடுவில் இருப்பதால் ஆட்டம் கொஞ்சம் தள்ளித்தான் தெரியும். ஆனால் அந்த மண்மேட்டுச் சரிவினால் எந்தப் படியிலிருந்தும் மைதானம் முழுசாகத் தெரிகிறது. ஒரு நடுக்கள வீரர் அணியை எப்படி அடுக்கியிருக்கிறார் என்று பார்க்க அதைவிட நல்ல இடம் கிடையாது.

அப்படிப் பார்த்ததில் ஹோண்டா கொண்டுவந்த மாற்றம் முதல் பத்து நிமிடத்திலேயே தெரியும். முன்பெல்லாம் கம்போடியக் கோல்கீப்பர் கைக்குப் பந்து வந்தால் அடுத்த நொடி அது வானத்தில் இருக்கும். ஹோண்டா அணியில் கீப்பர் பந்தைக் காலடியில் வைத்துக்கொண்டு நிற்பார். இரண்டு தடுப்பாட்டக்காரர்களும் பெனால்டி பாக்ஸின் இரண்டு ஓரத்துக்கும் விரிவார்கள். நடுக்களத்திலிருந்து ஒருவர் முதுகைக் காட்டிக்கொண்டு கீழே இறங்கி வருவார். எதிரணி முன்கள ஆள் பாய்ந்து வருகிறார், கீப்பர் இன்னும் நிற்கிறார். என் வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொள்வார். கடைசி நொடியில் ஒரு குட்டிப் பாஸ், அங்கிருந்து இன்னொன்று, வலது ஓரத்தில் ஆள் தனியாக. அந்த மூன்று பாஸ் சரியாக விழுந்தால் கோல் விழுந்த மாதிரி கத்துவார்கள். விழாவிட்டால் உண்மையிலேயே கோல் விழும், நம் வலையில்.

விழவும் செய்தது, தாராளமாக. 2022 உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றின் கணக்கைப் பாருங்கள். 2019 ஜூனில் பாகிஸ்தானை 2–0, 2–1 என்று இரண்டு முறையும் ஜெயித்து இரண்டாம் சுற்றுக்குள் வந்தார்கள். அங்கே ஈரான், ஈராக், பஹ்ரைன், ஹாங்காங். ஹாங்காங்கோடு நோம் பென்னில் 1–1. மொத்த எட்டு ஆட்டத்தில் கிடைத்த ஒரே புள்ளி அது. அக்டோபரில் டெஹ்ரானில் ஈரானிடம் 14–0. பல பத்தாண்டுகளுக்குப் பிறகு ஈரானியப் பெண்கள் டிக்கெட் வாங்கி ஆசாதி அரங்குக்குள் வந்து பார்த்த ஆட்டம் என்று உலகம் அதைக் கொண்டாடியது. எங்கள் கட்டிங் செக்ஷனில் யாரும் யாரோடும் பேசவில்லை. 2021இல் பஹ்ரைனிடம் 8–0, மறுபடி ஈரானிடம் 10–0. கூட்டிப் பார்த்தால் அடித்தது 2, வாங்கியது 44.

எங்கள் இன்ஸ்பெக்‌ஷனில் இந்த எண் வந்தால் லாட் முழுவதையும் திருப்பி அனுப்பிவிடுவேன். ஆனாலும் இதில் ஹோண்டாவின் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஈரானுக்கு எதிராக பத்துப் பேரைப் பெனால்டி பாக்ஸில் நிறுத்தியிருந்தால் பதினான்கு என்பது ஏழாகியிருக்கலாம். ஏழு வாங்கிய அணியும் வெளியேதான் போயிருக்கும். இளம் பையன்களுக்குப் பந்தைக் காலில் வைத்துக்கொள்ளக் கற்றுக்கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டு, பெரிய அணி வந்தவுடன் அதை விட்டுவிட்டால் கற்றுக்கொடுத்ததற்கு அர்த்தம் இல்லை. பிடிவாதம்தான், ஆனால் நேர்மையான பிடிவாதம்.

எனக்கு இருக்கிற குறை வேறு. அவர் வந்து போவார். ஆட்டம் இருக்கும் வாரத்தில் இறங்குவார், கோட்டு சூட்டு, கறுப்புக் கண்ணாடி, இரண்டு கையிலும் கைக்கொரு கடிகாரம். மைதானத்தின் எல்லைக்கு வெளியே கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். கத்துவது, விசிலுக்குச் சண்டை போடுவது எல்லாம் மற்றவர்கள். ஆட்டம் முடிந்தால் அடுத்த விமானம். நடுக்கள வீரர் ஒருவருக்குத் தேவை தினமும் யாராவது பக்கத்தில் நின்று, பந்து வருவதற்கு முன்னால் தோளுக்குப் பின்னால் பார் என்று சொல்லிக்கொண்டே இருப்பது. அதை மாதத்தில் சில நாள் செய்தால் ஒட்டாது. எனக்கு முன் வரிசையில் உட்காரும் எங்கள் ஃபேக்டரித் தம்பி, வீட்டுக்குத் திரும்பும் வழியில் ஒருநாள் சொன்னான்: “போங் (அண்ணா), ஹோண்டா இருக்கும்போது நம் ஆட்கள் அவரைப் பார்த்துக்கொண்டே ஆடுகிறார்கள். பந்தைப் பார்ப்பதில்லை.” சிரித்துவிட்டு விட்டுவிட்டேன், ஆனால் அடுத்த ஆட்டத்தில் கவனித்தேன், கோடு பக்கம் பந்து போகும்போதெல்லாம் அந்த ஓரப் பார்வை இருந்தது.

இதே ஏற்பாட்டில்தான் நல்லதும் நடந்தது என்பதை மறைக்கக் கூடாது. 2019 டிசம்பரில் பிலிப்பைன்ஸில் நடந்த தென்கிழக்கு ஆசிய விளையாட்டுப் போட்டியில் 22 வயதுக்குட்பட்டோர் அணி மலேசியாவை 3–1 என்று ஜெயித்து, கம்போடியாவுக்கு முதல் முறையாக அரையிறுதி வாங்கிக் கொடுத்தது. அங்கே வியட்நாமிடம் நாலு வாங்கினார்கள், வெண்கலத்துக்கான ஆட்டத்தில் மியன்மாரிடம் பெனால்டியில் தோற்று நான்காம் இடம். அந்த வாரம் நோம் பென் பீர்க் கடைகளில் பாக்ஸிங்கை நிறுத்திவிட்டு கால்பந்து வைத்தார்கள். இந்த ஊரில் அது சாதாரண விஷயம் இல்லை. 1972 ஆசியக் கோப்பையில் நான்காவதாக வந்த நாடு இது என்பதே பாதிப் பேருக்கு அப்போதுதான் தெரிந்தது.

2021க்குப் பிறகு கடை இடம் மாறியது. சீனா கட்டிக் கொடுத்த மொரொடொக் தெச்சோ தேசிய அரங்கம், அறுபதாயிரம் பேர் உட்காரலாம். பாய்மரக் கப்பல் மாதிரி வடிவம், இரண்டு முனையிலும் 99 மீட்டர் உயரக் கம்பங்கள், சுற்றிலும் அகழி. படம் எடுக்க அருமையான இடம். 2022 டிசம்பரில் ஆசியான் கோப்பையில் பிலிப்பைன்ஸை 3–2 என்று ஜெயித்ததும், புரூனேயை 5–1 என்று அடித்ததும் அங்கே. இருக்கை நல்ல இருக்கை, கழிப்பறை சுத்தம், தண்ணீர் வசதி உண்டு. இந்த மூன்றிலும் பழைய அரங்கம் கிட்டவே வர முடியாது.

ஆனால் போகும் வழி! நகரத்திலிருந்து வடக்கே, சுரோய் சங்வார் பாலம் தாண்டி, ஆறாம் எண் நெடுஞ்சாலையில் போய்க்கொண்டே இருக்க வேண்டும். போவது பரவாயில்லை. ஆட்டம் முடிந்து இத்தனை பேரும் ஒரே நேரத்தில் வெளியே வந்தால் வண்டி கிடைக்காது. கிடைத்த ஒரு ஓட்டுநர் வழக்கமான கட்டணத்தைப் போல மூன்று மடங்கு கேட்டார், பேரம் பேச எனக்குத் தெம்பு இல்லை. மறுநாள் காலை ஏழு மணிக்கு லைன் ஓடும் என்பவனுக்கு இது யோசிக்க வேண்டிய விஷயம். இன்னொன்று, அரங்கம் அவ்வளவு பெரியதாக இருப்பதால் இருபதாயிரம் பேர் வந்தாலும் காலியாகத் தெரியும், சத்தம் எங்கோ மேலே போய்விடும். ஒலிம்பிக் அரங்கில் அதே கூட்டம் காதைக் கிழிக்கும்.

கடைசி ஆட்டங்கள் 2023 ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும், கம்போடியாவே நடத்திய தென்கிழக்கு ஆசிய விளையாட்டுப் போட்டியில். அனுமதி இலவசம் என்று அரசு சொல்லிவிட்டது, ஊரே வந்தது. காசு கொடுக்காததால் குறை சொல்ல முடியாது என்று பார்த்தால், வரிசையில் நின்ற நேரத்துக்கு யார் கணக்குக் கொடுப்பது? திமோர்-லெஸ்டேவை 4–0 என்று ஜெயித்துத் தொடங்கியது அணி. பிலிப்பைன்ஸோடு சமன், மியன்மாரிடம் தோல்வி, இந்தோனேசியாவிடம் 1–2. அரையிறுதி இல்லை. சொந்த மண், இலவசக் கூட்டம், நான்கு ஆண்டுக்கு மேல் தயாரிப்பு. எதற்காக அவ்வளவு பொறுமை காத்தோமோ அந்த நேரத்தில் சரக்கு வந்து சேரவில்லை. ஹோண்டா அதோடு விடைபெற்றார். அந்த இந்தோனேசிய ஆட்டத்தில்தான் எனக்கு அவர் மேல் உண்மையான ஏமாற்றம் வந்தது. ஈரானிடம் பதினான்கு வாங்கியபோதுகூட அப்படி இல்லை.

உள்ளூர் ஆட்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் விட முடியாது. பிராக் சொவண்ணாரா, ஹொக் சொச்செத்ரா போல இந்த நாட்டுச் சட்டையைப் போட்டு ஆடி, பிறகு பயிற்சியாளர் ஆனவர்கள் இங்கே உண்டு. கிளப் ஆட்டங்களுக்குப் போனால் அந்த மாதிரி ஆட்களைப் பத்தடி தூரத்தில் பார்க்கலாம். ட்ராக் சூட், ஒரு தண்ணீர் பாட்டில், தொண்டை கட்டும் வரை கெமர் மொழியில் கத்தல். மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் ஒரு பையனைத் திட்டவும் உடனே தோளில் தட்டவும் அவர்களால் முடிகிறது. தேசிய அணி ஆட்டம் மட்டுமே பார்த்துவிட்டு கம்போடியக் கால்பந்தைப் பற்றித் தீர்ப்பு எழுதுபவர்கள், நோம் பென் கிரௌனோ ஸ்வாய் ரியெங்கோ ஆடும் ஒரு லீக் ஆட்டத்துக்காவது போய் வரட்டும். கூட்டம் கம்மி, ஆட்டம் நெருக்கம், டிக்கெட் தேநீர்க் காசு.

அப்புறம், நம்மவர்கள் கேட்பார்கள் என்பதால்: 2017 மார்ச்சில் இந்தியா இங்கே வந்து 3–2 என்று ஜெயித்தபோது நானும் போனேன். சேத்ரி, ஜெஜே, ஜிங்கன் என்று கோல் விழ விழ வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், சுற்றி முழுக்க என் ஃபேக்டரி ஆட்கள். 2022இல் கொல்கத்தாவில் ஹோண்டாவின் அணி சேத்ரியின் இரண்டு கோலுக்குத் தோற்றதை டிவியில் பார்த்தேன். இரண்டையும் ஒப்பிட்டால், 2017 அணி பயமில்லாமல் நீளப் பந்து போட்டு இரண்டு கோல் அடித்தது. 2022 அணி அழகாகப் பாஸ் போட்டு ஒன்றும் அடிக்கவில்லை. ஹோண்டா ரசிகர்கள் இதற்குப் பதில் வைத்திருப்பார்கள், எனக்கு இன்னும் திருப்தியான பதில் கிடைக்கவில்லை.

ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் என்று கேட்டால், அரங்கத்துக்கு (பழையது) நாலு, புதியதற்கு மூன்று, ஹோண்டாவின் ஆட்டமுறைக்கு மூன்றரை, அவருடைய வருகைப் பதிவேட்டுக்கு ஒன்றரை. கூட்டத்துக்கு ஐந்து. பதினான்கு கோல் வாங்கிய அணியைப் பார்க்க, அடுத்த வாரமே ஈராக் ஆட்டத்துக்கு வந்து மேளம் அடித்தவர்கள் அவர்கள். அதிலும் 0–4.

அவர் போன பிறகு டல்மாஸ் கொஞ்ச காலம், 2024இலிருந்து இன்னொரு ஜப்பான்காரர் கோஜி கியோதோகு. இவர் முழுநேரம், பூட்டானிலும் நேபாளத்திலும் வேலை பார்த்த அனுபவம் உள்ளவர். வெளிநாட்டில் பிறந்து குடியுரிமை வாங்கிய வீரர்கள் சிலர் சேர்ந்திருக்கிறார்கள். 2024 செப்டம்பரில் இலங்கையோடு இங்கே 0–0, கொழும்பில் 2–2, பெனால்டியில் வெளியே. டிசம்பரில் மலேசியாவோடு 2–2. ஆட்டம் முன்னைவிட இறுக்கமாக இருக்கிறது, கீப்பர் இப்போது தேவைப்பட்டால் பந்தை வானத்துக்கும் அனுப்புகிறார்.

போக நினைப்பவர்கள் முதலில் எந்த அரங்கம் என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஒலிம்பிக் அரங்கம் என்றால் யோசிக்காமல் போங்கள். மேற்குக் கூரைக்குக் கீழே இடம் கிடைத்தால் அது, இல்லையென்றால் அதற்கு நேர் எதிரே நடுப்படி. மொரொடொக் தெச்சோ என்றால் சொந்த பைக் உள்ள நண்பரோடு போங்கள், கடைசி விசிலுக்கு ஐந்து நிமிடம் முன்னால் எழுந்துவிடுங்கள். ஜூனிலிருந்து அக்டோபர் வரை எந்த அரங்கமானாலும் பையில் ஒரு மழைக்கோட்டு இருக்கட்டும். வாசலிலும் விற்பார்கள், ஆனால் அது இடைவேளைக்குள் கிழிந்துவிடும், நானே தையலைத் திருப்பிப் பார்த்துவிட்டேன்.